விடுமுறையும் விடும் முறையும்

சித்திரை பாதி கழிந்து, தேர்வுகளும் முடிந்து, விடுதி மாணாக்கர் தத்தம் பெட்டிகளுடன் ஊர்களுக்கு ஏகிய பின்னர், இக்கல்லூரித் தாழ்வாரங்களில் வேப்பம்பூ உதிரும் ஓசையும் கேட்குமோ என்னும்படி அமைதி நிலவும். அந்நாட்களில் எம்மைக் காண வருவோர் பெரும்பாலும் பழைய மாணாக்கரே. அண்மையிலுள்ள பள்ளிகளில் ஆசிரியப் பணி புரிவோர் அவர். வந்தவுடன் தம் கருத்தை வெளியிடார். நலம் வினவுவர், பழைய பேராசிரியர்களைப் பற்றிக் கேட்பர், பானைத் தண்ணீர் பருகுவர். எழுந்து விடைபெறும்போது வாயிற்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஐயா, வேறோர் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளியில் இப்போதே சொல்லிவிடவா? விடுமுறைச் சம்பளம் கைக்கு வந்தபிறகு சொல்லவா?" என்பர்.

ஆண்டுதோறும் மூவரேனும் நால்வரேனும் இவ்வினாவுடன் வருகின்றனர். வாயிற்படியில் நின்றவாறு விடை கூறத்தக்க வினா அன்று இது. மேலும், இதற்கு விடை கூறும் தகுதி எமக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை அவர்களிடம் யாம் இதுகாறும் கூறியதுமில்லை. கூற நாணினோம் என்பதே உண்மை. ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனக் கேட்கப்பட்டபோது, அதனையே எழுதிவிடுவோம் எனத் துணிந்தோம்.

இம்மாவட்டத்துத் தனியார் பள்ளிகள் சிலவற்றிலுள்ள வழக்கம் ஒன்றை முதற்கண் கூறவேண்டும். ஏப்ரல் இறுதியிற் பள்ளி மூடப்படும். மே மாதச் சம்பளமோ, ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாளன்று வந்து வருகைப் பதிவேட்டிற் கையொப்பமிடுவோர்க்கே வழங்கப்படும். கட்டணம் வரும் காலம் அதுவே என நிர்வாகிகள் கூறுவர். அது பாதி உண்மை. மற்றைப் பாதி, ஆசிரியர் வேறிடம் சென்றுவிடாதபடி இட்ட வேலி. ஆசிரியர்களோ அவ்வேலியைத் தாண்டும் வழியை நன்கறிவர். திறப்பு நாளில் வந்து கையொப்பமிடுவர், சம்பளம் வாங்குவர், மறுவாரம் அஞ்சலில் விலகற் கடிதம் வரும். அவர் செயலைக் கண்டு நிர்வாகி வேலியை இன்னும் உயர்த்துவார். வேலியைக் கண்டு அடுத்த ஆசிரியர் இன்னும் கரவாக நடப்பார். இவ்வாறு ஒருவரையொருவர் நம்பாமையே இருசாராரும் எழுதாது எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஆகிவிட்டது.

இதனினும் கொடியது மற்றொன்று உண்டு. பணியிற் சேரும் நாளிலேயே ஆசிரியரின் பட்டச் சான்றிதழ்களை மூலப்படியாகவே வாங்கி, அலுவலகத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுதல். யாம் முதன்முதற் பணிபுரிந்த, வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்த உயர்நிலைப் பள்ளியிலும் இவ்வழக்கம் இருந்தது. அப்பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. எம் இளங்கலைப் பட்டமும் முதுகலைப் பட்டமும் அவ்வலமாரிக்குள் ஏழாண்டுகள் துயின்றன. அதனைப் பற்றி எம் தந்தையாரிடம் ஒருமுறை கூறியபோது, அவர் நகைத்து, "தாத்தா கையெழுத்துப் போட்ட சீட்டு மாதிரிதான்" என்றார்.

எம் பாட்டனார் பண்ணையாள். அவரது திருமணச் செலவுக்கு மிராசுதாரரிடம் வாங்கிய கடன் அவரை அப்பண்ணையிற் பிணித்தது. நெல்லாகப் பெற்ற கூலியில் அக்கடன் எந்நாளும் தீரவில்லை; அவர் மூத்த மகன் மாடு மேய்க்கும் வயதை எய்தியபோது கடனும் அவனுடன் வளர்ந்திருந்தது. 1952-ஆம் ஆண்டு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது பண்ணையாளை வெளியேற்ற இயலாது என்பதும், கூலிக்கு ஓர் அளவுண்டு என்பதும் அதன்பின்னரே எழுத்தில் ஏறின. கொத்தடிமை முறையை நாடு முழுதும் ஒழிக்கும் சட்டம் 1976-இல் ஏற்பட்டது. இவற்றுக்கு முன்னர் பண்ணையை விட்டு ஓடியவர் உண்டு. சொல்லிவிட்டு விலகியவரை எம் ஊரார் அறியார். மிராசுதாரர் முன் நின்று, "ஐயா, யான் இன்ன நாள் முதல் வேலைக்கு வாரேன்" என்று கூறும் வாக்கியமே அக்காலத்து எம் குடியினர் நாவில் இல்லை.

இதனை ஈண்டு எழுதுவது இரக்கம் வேண்டியன்று. இராஜிநாமா என்னும் ஒரு தாளின் விலை என்னவென்று பிற்காலத்திலேனும் யாம் உணர்ந்ததற்கு இதுவே காரணம். ஓடிப்போதற்கும் விலகிச் செல்வதற்கும் இடையே எம் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைகள் ஆயின. அவ்விரண்டு தலைமுறைகளையும் மறந்து யாம் மீண்டும் ஓடவே எண்ணினோம். அக்கதையே இது.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இக்கல்லூரியிலிருந்து எமக்குப் பணி நியமனக் கடிதம் வந்தது. ஜூன் நடுவிற் பணியேற்க வேண்டும். அன்று மூலச் சான்றிதழ்களைக் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தனர். பழைய பள்ளியின் விடுவிப்புக் கடிதத்தைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும். நேர்மை எம்முடையதாயிராது கல்லூரியினுடையதாயிருந்திருக்கும்.

அப்போது எம் மாதச் சம்பளம் 7,000 ரூபாய். ஏப்ரல் மாதத்ததும் மே மாதத்ததும் சேர்ந்து 14,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. அத்தொகை எந்தையாரின் குறுவைக்கென முன்னரே எண்ணி வைத்தது. இரண்டு ஏக்கர் குத்தகை நிலம்; கோடையுழவு, விதைநெல், நாற்றங்கால், நடவாள் கூலி எல்லாம் அதிலிருந்தே ஆகவேண்டும். வயலுக்கும் அந்நாட்களில் விடுமுறையே. ஆற்றில் நீரில்லை, மணல் மட்டும் வெயிலில் மின்னும். அறுவடையான கட்டாந்தரையில், இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டிருப்பர். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்குமா என்பதொன்றே திண்ணைதோறும் பேச்சு.

பள்ளியில் எம்முடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் வழி கூறினார். "விடுமுறைக்கு முன்பே சான்றிதழ்களை ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடும். திறப்பு நாளில் வந்து சம்பளம் வாங்கும். ஒரு வாரம் கழித்துக் கடிதம் அனுப்பும். எல்லாரும் செய்வதுதானே?" எல்லாரும் செய்வதுதான். 2009-ஆம் ஆண்டு எம் பள்ளியின் கணித ஆசிரியர் அவ்வாறே செய்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆவணி வரையிற் கணித ஆசிரியர் இன்றி இருந்தனர். அப்பாடவேளைகளில் யாம் சென்று அமர்ந்து இலக்கணம் நடத்தினோம். எமக்கு அது மகிழ்ச்சியாயிருந்தது, பிள்ளைகளுக்கு அன்று. அவ்வாண்டு கணிதத்தில் தவறியவர்களுள் ஒரு பெண் பிள்ளை பின்னர்ப் பள்ளிக்கே வரவில்லை. கணித ஆசிரியர்மீது அன்று யாம் கூறிய கடுஞ்சொற்கள் எமக்கு நன்றாக நினைவிருந்தன. நினைவிருந்தும் நண்பர் கூறிய வழியையே மேற்கொண்டோம்.

ஏப்ரல் 27-ஆம் நாள் தலைமையாசிரியரிடம் சென்று, வேலைவாய்ப்பு அலுவலகத்திற் கூடுதல் தகுதி பதியவேண்டும், சான்றிதழ்கள் சில நாட்களுக்கு வேண்டும் என்றோம். முகத்தை நோக்காது கூறினோம். அவர் ஒன்றும் வினவாது, நிர்வாகிக்கு ஒரு சீட்டு எழுதிக் கையொப்பமிட்டு, அலமாரியைத் திறப்பித்துத் தந்தார். எம் சட்டைப் பையிற் கல்லூரியின் கடிதம் மடித்திருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியுமோ என அஞ்சி, கையாற் பையை மூடிக்கொண்டே வீடு சேர்ந்தோம்.

மே மாதம் எமக்கு நன்றாகக் கழிந்திருக்க வேண்டும். கழியவில்லை. பள்ளி நூலகத்திலிருந்து படிக்க எடுத்து வந்த நூல் ஒன்று வீட்டில் இருந்தது: டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்று, 1950-இல் நூலானது அது. உள்ளே பள்ளியின் முத்திரை. அதனைத் திருப்பிக் கொடுக்காமல் எவ்வாறு விலகுவது என்னும் அற்பச் சிக்கல்தான் முதலில் எம்மை அரித்தது. சான்றிதழ்களைப் பொய் கூறி வாங்கியவர்க்கு ஒரு நூலைப் பற்றி இத்துணைக் கவலை! மனித மனம் அவ்வாறே அமைந்துள்ளது போலும்.

திருப்பிக் கொடுக்குமுன் படித்து முடித்துவிடுவோம் என்று தொடங்கியபோது, தியாகராச செட்டியார் கல்லூரி வேலையை விட்ட வரலாறு வந்தது. மாணாக்கப் பருவத்தில் அப்பகுதியைப் படித்தோமாயினும், ஐயருக்கு வேலை கிடைத்த கதையாகவே அதனைக் கண்டோம். இம்முறை செட்டியார் பக்கத்திலிருந்து படித்தோம்.

கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர் செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். ஆதலின் ஐயருக்கு ஒருசாலை மாணாக்கருள் மூத்தவர். உடல்நலம் குன்றி ஓய்வுபெறக் கருதியபோது, சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு ஊருக்குச் செல்வதே அவர்க்குப் போதுமானது. தம் பின்னர் அந்நாற்காலியில் யார் அமரினும் அவர்க்கென்ன? அவரோ அவ்வாறு எண்ணவில்லை. தம் இடத்துக்குத் தக்கவர் யாரெனத் தாமே தேடினார். திருவாவடுதுறை மடத்தில் இளந்தம்பிரான்களுக்குப் பாடம் சொல்லிவந்த, இருபத்தைந்து வயதான சாமிநாதையரைத் தெரிந்தெடுத்தார். தாமே திருவாவடுதுறைக்குச் சென்று, ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டார். தேசிகருக்கு ஐயரை விடுக்க மனமில்லை. எனினும் இளைஞரின் நன்மையை முன்னிட்டு இசைந்து விடைகொடுத்தார். கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் செட்டியாரே ஐயரை அழைத்துச் சென்றார். 1880-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் ஐயர் வேலையேற்றார். மாதச் சம்பளம் 50 ரூபாய்.

இதில் விலகுவோர் இருவர் உளர் என்பதைக் கவனிக்க. ஒருவர் கல்லூரியினின்று விலகும் செட்டியார். மற்றவர் மடத்தினின்று விலகும் ஐயர். இருவருள் ஒருவரேனும் இருளில் வெளியேறவில்லை. ஐயர் தேசிகரிடம் சொல்லாமற் கும்பகோணம் சென்றிருப்பின், விடுமுறை நாட்களில் மீண்டும் அம்மடத்துக்குச் சென்று பழையபடி பழகியிருத்தல் இயலுமோ? அவர் சென்று வந்தார். ஏடுகளைத் தேடிய காலத்திலும் அம்மடத்தின் உதவி அவர்க்கு இருந்தது. அதே 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் ஐயரைச் சீவகசிந்தாமணியின்பாற் செலுத்தினார். 1887-இல் அந்நூல் பதிப்பாயிற்று. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. அவையனைத்தும் ஐயர் கும்பகோணத்திலிருந்த காலத்தன. 1903-இலேதான் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். செட்டியார் தம் நாற்காலியை வெறுமையாக விட்டுச் சென்றிருப்பின் இவையெல்லாம் வந்திரா என்று யாம் கூறோம்; வேறு வழியில் வந்திருக்கலாம். ஆயினும் வந்த வழி அதுவே. ஐயர் பிற்காலத்திற் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்த தம் இல்லத்துக்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். வேலையை விட்டுச் சென்ற ஒருவர் பெயரைப் பின்வந்தவர் தம் வீட்டு வாயிலிற் பொறித்தல் எங்கேனும் நிகழ்வதுண்டா?

நூலை மூடினோம். எம் பின்னர் எவர் வருவார் என்னும் வினா அதுவரையில் எம் மனத்தில் ஒருமுறையேனும் எழவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் யாம் வகுப்பாசிரியர். அப்பிள்ளைகள் ஜூனிற் பத்தாம் வகுப்புக்கு வருவர். கணித ஆசிரியர் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு நேர்ந்ததே இவர்களுக்குத் தமிழில் நேரும்.

எம் தாயாரிடம் கூறினோம். அவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லிவிட்டால் சம்பளம் தருவார்களா, தம்பி?" என்றார். "தரமாட்டார்கள், அம்மா." சற்றுப் பொறுத்து, "அப்பாவிடம் நீயே சொல்" என்று மீண்டும் புடைக்கலானார். எந்தையார் யாம் கூறியதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சொல்லிவிட்டு வருவதற்கு உனக்கு ஓர் இடம் இருக்கிறது. போய்ச் சொல்" என்றார். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதனாலேயே எமக்குக் கண் கலங்கியது.

மே 17-ஆம் நாள் மாலை, நூலையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் இல்லம் சென்றோம். அவர் திண்ணையில் அமர்ந்து, பெரிய அட்டையொன்றை மடியில் வைத்து, வரும் ஆண்டின் பாடவேளை அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டங்களில் எம் பெயர் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. அதனைக் கண்டதும், வழியெல்லாம் எண்ணி வந்த சொற்கள் மறந்துபோயின. கடிதத்தை நீட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருமுறை படித்தார்.

"தம்பி, சான்றிதழ் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும்" என்றார். "கூடுதல் தகுதி பதிகிறவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழையுமா கேட்பார்? எல்லாவற்றையும் கேட்டீர்கள்."

"தெரிந்துமா ஐயா கையெழுத்திட்டீர்கள்?"

"அவை உங்களுடைய சான்றிதழ்கள். பூட்டி வைப்பது எனக்கும் பிடித்ததில்லை. நான் கேள்வி கேட்டிருந்தால் நீங்கள் இன்னொரு பொய் சொல்லியிருப்பீர்கள். எதற்கு என்று விட்டுவிட்டேன்." பின்னர் அட்டையை நோக்கி, "நீங்கள் போவதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. கல்லூரிக்குப் போகிறவரை யாராவது தடுப்பார்களா? ஆனால் இருபது நாள் போயிற்றே, தம்பி. அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த இருபது நாளில் ஓர் ஆளைத் தேடியிருப்பேன்" என்றார்.

அவர் கடிந்திருப்பின் தாங்கியிருப்போம். அவர் நாட்களை எண்ணினார், அதுவே தாங்கற்கரிதாயிற்று. பொய்யினும், விலகலினும், யாம் அவரிடமிருந்து உண்மையிற் கவர்ந்தது அவ்விருபது நாட்களே என்பது அத்திண்ணையில் எமக்குப் புலனாயிற்று. எம்மிடத்து வரும் பழைய மாணாக்கர்க்கு யாம் இன்று கூறுவதெல்லாம் அம்மூதறிஞர் அன்று எண்ணிய கணக்கினின்று பிறந்ததே.

நிர்வாகியார் வேறு வகையினர். ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளம் என்பது பணியேற்றபோது யாம் கையொப்பமிட்ட தாளில் இருந்தது. எம் கடிதத்தின் நாளிலிருந்து ஒரு மாதம் எண்ணின் ஜூன் 17 ஆகிறது. எனினும் விடுமுறை நாட்கள் முன்னறிவிப்பிற் சேரா எனக் கூறி மே மாதச் சம்பளத்தை மறுத்ததோடு, ஏப்ரல் மாதத்ததையும் ஈடாக நிறுத்திக்கொண்டார். அக்கணக்கு முறையன்று என இன்றும் கருதுகின்றோம். வாதிட்டிருக்கலாம். பொய் கூறிச் சான்றிதழ் வாங்கியவர் எவ்வாயால் வாதிடுவது? வாளாவிருந்தோம்.

எந்தையார் வட்டிக்கு வாங்கித் தம் நிலத்திற் கோடையுழவை முடித்தார். அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. செப்டம்பர் 17-ஆம் நாளே திறந்தனர். ஆழ்குழாய்க் கிணறு இல்லாத எம்போல்வார்க்குக் குறுவை இல்லையாயிற்று. எம் 14,000 ரூபாயும் வந்திருந்தால் அவ்வயலின் வெடிப்புகளில் விதையாய்ச் சென்று மறைந்திருக்கும். எந்தையார் இதனைக் கூறி எம்மைத் தேற்றுவார். அத்தேறுதல் எமக்கு ஏற்பதன்று. அணை திறந்திருப்பின் என்ன கூறியிருப்பார்?

நிற்க. மே 17-க்குப் பின்னர் யாம் செய்தது ஒன்றுண்டு. அதனை மட்டும் சற்றுப் பெருமையுடன் எழுதுவோம். எம்முடன் முதுகலை பயின்றோர் அனைவர்க்கும் தொலைபேசியிற் பேசினோம். பாபநாசத்துப் பக்கத்தில், ஈராண்டுகளாக வேலையின்றி இருந்த பெண் ஒருவர் கிடைத்தார். எம்மினும் நன்கு கற்றவர். தலைமையாசிரியரிடம் அழைத்துச் சென்றோம். செட்டியார் ஐயரை அழைத்துச் சென்றதை நினைத்துக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்? அவர் ஒரு பாடம் நடத்தச் சொல்லிக் கேட்டு, அன்றே நியமித்தார். சான்றிதழ்களை மூலப்படியாகக் கொடாதீர், படிகளை மட்டும் கொடும் என்று அவ்வம்மையாரிடம் தனியே கூறினோம். தலைமையாசிரியர் அது கேட்டும் கேளாதவர் போல அட்டவணையில் எம் பெயரை அடித்து அவர் பெயரை எழுதலானார்.

பள்ளி திறக்குமுன் மூன்று நாட்கள் அவருடன் வகுப்பறையில் அமர்ந்திருந்தோம். மதிப்பெண் பதிவேடு, வினாத்தாட் கட்டு, நூலகக் கணக்கு ஆகியவற்றைத் தருவதற்கு அரை நாள் போதும். மற்றவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. முதல் வரிசையில் அமரும் பையன் எழுத்துக் கூட்டியே படிப்பான், ஆனால் கேட்டதை ஒருகாலும் மறவான். அவனை வாசிக்கச் சொல்லி நாணுறச் செய்யற்க. ஜன்னலோரத்துப் பெண் விடியற்காலை நாற்றுப் பறித்துவிட்டு வருவாள். முதற் பாடவேளையிற் கண்ணயர்ந்தால் விட்டுவிடுக. இன்ன பிள்ளையின் தந்தையாரைப் பள்ளிக்கு அழைக்கவே வேண்டா, தாயாரை அழைக்க. இவ்வாறு நாற்பத்திரண்டு பிள்ளைகளைப் பற்றியும் கூறி முடித்தபோது, ஏழாண்டுகளில் அப்பள்ளியில் யாம் ஈட்டியது இன்னதென்பது எமக்கே தெரிந்தது. அம்மையார் ஒரு குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இனி, வாயிற்படியில் நிற்கும் அன்பர்க்கு. கடிதம் எழுதுமுன் ஒப்பந்தத் தாளைப் படிக்க. முன்னறிவிப்புக் காலம் எத்துணை, விடுமுறை அதிற் சேருமா என்பதை அறிந்துகொள்க. ஐயமிருப்பின் பள்ளி மூடுவதற்குமுன், எல்லாரும் இருக்கும்போதே, கடிதத்தைத் தந்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒரு படியிற் கையொப்பம் வாங்கிக்கொள்க. கடிதம் நான்கு வரிகளுக்கு மேற்பட வேண்டா. எந்நாள் முதல் விலகுகின்றீர் என்பது ஐயமற விளங்கவேண்டும். எதனால் விலகுகின்றீர் என்பது விளங்க வேண்டுவதில்லை. நெடுநாட் குறைகளைப் பட்டியலிடும் இடம் அதுவன்று. அக்குறைகள் உண்மையாயின், பணியிலிருக்கும்போதே கூறியிருக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் நேரிற் கூறிய பின்னரே உடன் பணிபுரிவோரிடம் கூறுக. இக்காலத்திற் சிலர் கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தியை இட்டுவிட்டு, அவ்வளவே தம் கடமை என நினைக்கின்றனர். அச்செய்தியைத் தலைமையாசிரியர் படிக்குமுன் பெற்றோர் படித்துவிடுகின்றனர்.

சம்பளம் போய்விடுமே என்பார்க்கு யாம் எளிய விடை கூறோம். மூன்று பிள்ளைகளையும் வாடகை வீட்டையும் உடைய ஒருவர் மே மாதச் சம்பளத்தை இழக்க இயலாதவராயிருக்கலாம். சென்ற ஆண்டு அத்தகைய ஒருவர் வந்தார். "முழுவதையும் நிர்வாகத்திடம் கூறவேண்டா, தலைமையாசிரியரிடமேனும் கூறும். அவர் ஆள் தேடத் தொடங்கட்டும்" என்றோம். இது நேர்மையில் முக்காற் பங்குதான். அவர் பிள்ளைகளின் பசிக்கு யாம் பொறுப்பாளர் அல்லாதபோது, முழுப்பங்கையும் வற்புறுத்த எமக்கு வாய் எழவில்லை. விடுமுறையில் உழைப்பின் ஊதியத்தைப் பிணையாகப் பிடித்து வைப்போரும் இக்குற்றத்திற் பங்காளரே.

பிறிதொருவர் வேறிடத்து வேலைக்கன்றித் தாமே தொழில் தொடங்க விலகுவதாகக் கூறினார். இயற்கை வேளாண்மையும் மூலிகையும் அவர் நாட்டம். உறவினரெல்லாம் பைத்தியம் என்கின்றனராம். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் பெயரால் ஒரு சாலை இருப்பதைக் கண்டீரா என வினவினோம். பேருந்தில் நாளும் அவ்வழியே செல்கின்றாராம். அவர் யாரென அறியார். தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர்வடகரையில் 1859-இற் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1883-இல் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியராயிருந்தவர் அவர். அவர் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாள் அங்கேயே தலைமையாசிரியை. மருத்துவம் அவர்க்கு ஓய்வுநேர நாட்டமாயிருந்து, 1890-இல் முழுத்தொழிலாயிற்று. ஊர்ப்புறத்தில் மூலிகைத் தோட்டம் இட்டார். அதிலிருந்து வந்த பொருளைக்கொண்டு 1912 முதல் தஞ்சையிற் சங்கீத மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். பள்ளியிலிருந்தபடியே இவற்றைச் செய்திருக்க இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க: தஞ்சையிற் பணியை விட்டவர் தஞ்சையிலேயே வாழ்ந்தார். விட்ட பள்ளியின் பிள்ளைகளும் பெற்றோரும் தெருவில் எதிர்ப்படும் ஊரில் ஒருவர் மருத்துவராக நிலைபெறுவதாயின், அவர் எவ்வாறு விலகினார் என்பது அவ்வூரார்க்கு மறவாது. அவ்வன்பர் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் எண்ணியிருந்து, "அப்படியானால் நாளைக்கே சொல்லிவிடுகிறேன்" என்று சென்றார். அவர் தோட்டத்திலிருந்து தூதுவளையும் கற்பூரவல்லியும் இப்போது எமக்கு வருகின்றன.

எம் கதையில் எஞ்சியது சிறிதே. அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், யாம் இக்கல்லூரியில் வகுப்பை முடித்து வெளிவருகையில், அப்பள்ளி அம்மையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. நூலக அலமாரியின் பூட்டுத் திறக்கவில்லையாம். எல்லாவற்றையும் கூறிய யாம் அதனைக் கூற மறந்திருந்தோம். "கதவைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள்" என்றோம். இரும்பு உராயும் ஓசையும், கதவு திறக்கும் ஓசையும் எமக்குக் கேட்டன. பின்னணியிற் பிள்ளைகளின் ஆரவாரம். அதில் ஓரிரு குரல்களை இன்னாருடையவை என அறிந்தோம்.

"ஐயா, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் 'என் சரித்திர'த்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்கிறான். தடித்த நூலாயிற்றே, கொடுக்கலாமா?" என்று அவர் வினவினார்.

அவ்வலமாரி இப்போது உங்களுடையது, எம்மைக் கேட்க வேண்டுவதில்லை என்றோம்.